கொடையா? கூலியா?



2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியோடு இப்பேச்சைத் தொடங்குகின்றேன். கொரோனா நோயின் இரண்டாம் அலை வீசிய காலம் அது. எங்கள் தெருமுனையில் அம்மையார் ஒருவர் முப்பது ஆண்டுகளாகப் பூக் கட்டி விற்று வந்தார். ஊரடங்கு வந்தது, கோயிற் கதவுகள் சாத்தப்பட்டன, திருமணங்கள் பத்துப் பேர் இருபது பேரோடு வீட்டுக்குள்ளேயே நடந்து முடிந்தன. பூவுக்கு வாங்குவார் இல்லை. அம்மையாரும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டோடு இருந்தார். ஒருநாள் நியாய விலைக் கடையில் அரசு வழங்கிய இரண்டாயிரம் ரூபாயைப் பெற்றுக்கொண்டு, அதை முந்தானையில் முடிந்தபடி என் வீட்டு வாயிலில் வந்து நின்றார்.

“ஐயா, இந்தப் பணத்தைப் பிறகு திருப்பிக் கட்ட வேண்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டியதில்லை, அம்மா” என்றேன்.

“அப்படியானால் இது தருமமா? நான் இதுவரை யாரிடமும் கைநீட்டியதில்லையே!” என்றார்.

அவ்வினாவுக்கு அப்போது என்னால் விடை கூற இயலவில்லை. கடன் அன்று என்பது தெரியும். ஆனால் தருமமும் அன்று என்றால், பின் இது யாது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே. கொள்ளைநோய்க் காலத்தில் அரசு தன் குடிமக்களுக்குக் கொடுக்கும் பணம் எத்தகையது? எவ்வாறு அது உரியவர் கையைச் சேர்கின்றது? சேராமற் போவது எதனால்? இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

துன்பக் காலத்தில் குடிகளைத் தாங்குதல் ஆள்வோர் கடமை என்பது புதிய கருத்தன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரம், நாட்டுக்கு வரும் எட்டுவகை இடர்களை எண்ணிக் காட்டுகையில், நோயையும் பஞ்சத்தையும் அவற்றுள் வைக்கின்றது. பஞ்சம் வந்தால் விதையும் உணவும் அளிக்கவேண்டும், கோட்டை முதலிய பணிகளைத் தொடங்கிச் சோறிட வேண்டும் என்றும் அந்நூல் கூறுகின்றது. வேலை கொடுத்துச் சோறிடுதல் என்னும் அம்முறையை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் பிற்காலத்துப் பஞ்ச நிவாரணம் முழுவதும் அதையே அச்சாணியாகக் கொண்டு சுழன்றது.

1876-ஆம் ஆண்டு முதல் 1878-ஆம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். பஞ்சத்துக்கு ஆளானோர்க்கு வேலை தருவதென்று ஆங்கில அரசு முகாம்கள் அமைத்தது. மண் வெட்டவும் கல் உடைக்கவும் ஆட்களை ஏவியது. சென்னையை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்பஞ்ச காலத்தில் பசித்த மக்களின் கைகளால் வெட்டப்பட்டதே. அவ்வேலைக்குரிய கூலியை 1877-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி குறைத்தார். நாள் முழுதும் உழைக்கும் ஆடவனுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஒரு சிறு காசும் போதும் என்பது அவர் கணக்கு. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் என்பவர், அவ்வளவு உணவு உழைப்பவன் உயிரைத் தாங்காது என்று வாதாடினார். அவர் வாதம் ஒருவாறு செவியேறியது. சில மாதங்களுக்குள் அளவு ஓரளவு உயர்த்தப்பட்டது. பின்னர் 1880-ஆம் ஆண்டில் பஞ்ச ஆணைக்குழு தன் அறிக்கையை அளித்தது. உடல்வலி உள்ளோர்க்கு வேலையும் கூலியும், வேலை செய்ய இயலாதார்க்கு இலவச உணவும் என்ற விதி அதன்பின் வேரூன்றியது.

இவ்விதியின் உட்பொருள் யாது? மெய்யாகவே வறியவன் யார் என்று அரசுக்கு எப்படித் தெரியும்? கொளுத்தும் வெயிலில், குறைந்த கூலிக்கு மண் சுமக்க வருகின்றவனே வறியவன், செல்வன் வரமாட்டான். வேலையே சோதனை, வேலையே சல்லடை. இரக்கமற்ற சல்லடைதான், ஆயினும் அது ஒரு முறை.

இனி, 2020-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மார்ச்சு 11-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச்சு 25-ஆம் நாள் முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பஞ்சக் காலத்து அரசு மக்களை நோக்கி, “வெளியே வா, உழை, உண்” என்றது. கொள்ளைநோய்க் காலத்து அரசோ, “வெளியே வாராதே, உழையாதே, வீட்டிலேயே இரு” என்றது. பழைய சல்லடை ஒரே நாளில் பயனற்றுப் போயிற்று. நூறு பேரை ஓரிடத்தில் கூட்டி வேலை வாங்கினால் நூறு பேருக்கும் நோய் பரவும் அன்றோ?

ஈண்டுச் சற்று நின்று சிந்திக்கவேண்டும். வீட்டிலிருந்த பூக்கார அம்மையார் சோம்பலால் இருந்தாரா? இல்லை. அரசு இருக்கச் சொன்னது; இருந்தார். அவர் வெளியே வாராமல் இருந்ததனால் அவருக்கு மட்டுமா நன்மை? அவர் வழியாக நோய் பரவியிருந்தால் படுக்கையில் விழுந்திருக்கக்கூடிய முதியவர் எத்தனை பேர்! மருத்துவமனையில் படுக்கைக்கும் உயிர்வளிக்கும் மக்கள் அலைந்த நாட்கள் அவை. அந்நெருக்கடி மேலும் மிகாமல் காத்தவர்களில் அவரும் ஒருவர். சாலை அமைப்பதற்காக ஒருவனுடைய நிலத்தை அரசு எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடு கொடுக்கின்றது. அதனை யாரும் பிச்சை என்று கூறுவதில்லை. ஊர் நலத்துக்காக அம்மையாரின் உழைப்பு நாட்களை அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு அது கொடுப்பது ஈடு. அன்றேல், வீட்டிலிருந்த வேலைக்குக் கூலி. கொடை என்ற சொல் இங்குப் பொருந்தாது.

கூலி என்று ஒப்புக்கொண்டால், அடுத்து எழும் வினா, அதனை யாருக்கு, எவ்வழியே கொடுப்பது என்பது. பழைய சல்லடை போய்விட்டதனால், ஒவ்வொரு நாடும் தன் கையிலிருந்த பட்டியலைத் தேடியது.

இங்கிலாந்திடம் சம்பளப் பட்டியல் இருந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோருடைய சம்பளக் கணக்கு மாதந்தோறும் அரசுக்குச் செல்லும் நாடு அது. ஆகவே 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிதியமைச்சர் ரிஷி சுனக் ஒரு திட்டத்தை அறிவித்தார். வேலையாட்களை நீக்காமல் வீட்டில் இருக்கச் செய்யும் முதலாளிகளுக்கு, அவ்வேலையாட்களின் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கை, மாதம் 2,500 பவுன் என்ற எல்லைக்குள், அரசே கொடுக்கும் என்றார். 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதிவரை நடந்த அத்திட்டத்தால் ஏறத்தாழ 1 கோடியே 17 இலட்சம் வேலைகள் தாங்கப்பட்டன. செலவு சுமார் 7,000 கோடி பவுன்.

அமெரிக்காவிடம் வருமான வரிப் பட்டியல் இருந்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் கையொப்பமான சட்டத்தின்படி, வளர்ந்தவர் ஒருவருக்கு 1,200 டாலரும், குழந்தை ஒன்றுக்கு 500 டாலரும் அனுப்பப்பட்டன. 75,000 டாலருக்கு மேல் ஆண்டு வருமானம் உடைய தனியொருவருக்குத் தொகை படிப்படியாகக் குறைந்தது. விரைந்து கொடுத்ததனால் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. இறந்துபோனவர் பெயரால் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சம் தவணைகள், சுமார் 140 கோடி டாலர், சென்றுவிட்டன என்று அந்நாட்டுத் தணிக்கைத் துறை அவ்வாண்டு சூன் மாதத்தில் அறிவித்தது.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் டோகோ என்ற சிறு நாடு உண்டு. அங்குச் சம்பளப் பட்டியலில் அடங்குவோர் சிலரே. வரிப் பட்டியலில் அடங்குவோரும் சிலரே. ஆனால் வாக்காளர் அட்டை பெரும்பாலோரிடம் இருந்தது, கைப்பேசியும் இருந்தது. இவ்விரண்டையும் இணைத்து 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘நோவிசி’ என்ற திட்டத்தை அந்நாடு தொடங்கியது. ஏவே மொழியில் அச்சொல்லுக்கு ஒருமைப்பாடு என்று பொருள். இணைய வசதி இல்லாத எளிய கைப்பேசியிலேயே பதிவு செய்துகொள்ளலாம். பணமும் கைப்பேசிக் கணக்கிலேயே வந்து சேரும். குடும்பத்தை நடத்துவோர் பெண்கள் என்பதனால், ஆடவர்க்கு மாதம் 10,500 பிராங்கும், பெண்டிர்க்கு 12,250 பிராங்கும் வழங்கப்பட்டன. செல்வ நாடுகளும் கற்கத்தக்க முறை அது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். மைய அரசு 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள் 1 இலட்சத்து 70 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஓர் உதவித் திட்டத்தை அறிவித்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் ஏறத்தாழ 80 கோடி மக்களுக்கு, ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ அரிசியோ கோதுமையோ இலவசமாக வழங்கப்பெற்றது. முதலில் மூன்று மாதத்துக்கு என்று தொடங்கிய இது, இடையில் சில மாதங்கள் நின்று, 2022-ஆம் ஆண்டு இறுதிவரை நீண்டது. சன்தன் வங்கிக் கணக்குடைய பெண்கள் சுமார் 20 கோடிப் பேருக்கு மாதம் 500 ரூபாயாக மூன்று மாதம் செலுத்தப்பட்டது. வங்கி வாயிலில் கூட்டம் சேராதிருக்க, கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டு நாள் பிரித்தனர். 0, 1 என்ற எண்களில் முடிவோர் ஒரு நாள், 2, 3 என்பவற்றில் முடிவோர் மறுநாள் என்று ஏற்பாடு. எளிய கணக்குத்தான்; ஆயினும் எத்தனை பேரை நோயினின்றும் காத்திருக்கும்!

தமிழ்நாட்டிடம் இருந்த பட்டியல் குடும்ப அட்டை. பிற மாநிலங்கள் பலவற்றில் வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று கோடு கிழித்து ரேஷன் பொருள் வழங்கி வந்த காலத்திலும், தமிழ்நாடு கேட்பவர் எல்லோர்க்கும் அரிசி அட்டை என்ற முறையைக் கைவிடவில்லை. ‘இது வீண் செலவு’ என்று பொருளியலறிஞர் சிலர் பல ஆண்டுகளாகக் குறை கூறி வந்ததுண்டு. கொள்ளைநோய் வந்தபோது அப்பட்டியலின் அருமை புலப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் அரிசி அட்டைதாரர் ஒவ்வொருவர்க்கும் 1,000 ரூபாய் ரொக்கமும், விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவையும் அளிக்கப்பெற்றன. 2021-ஆம் ஆண்டில் 4,000 ரூபாய் என்று அறிவித்து, மே மாதம் 2,000, சூன் மாதம் 2,000 என இரு தவணையாகக் கொடுத்தனர். இரண்டாம் தவணையோடு 14 வகை மளிகைப் பொருள்களும் ஒரு பையில் வந்தன. நாளும் நேரமும் குறித்த வில்லையை முன்கூட்டியே வீட்டில் தந்து, அந்நேரத்துக்கு வரச் சொன்னார்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தொகைக்கு உரிய அட்டைகள் 2 கோடியே 7 இலட்சத்து 67 ஆயிரம். அதனை இரண்டாயிரத்தால் பெருக்குங்கள். ஏறத்தாழ 4,153 கோடி ரூபாய் வரும். அரசாணையில் கண்ட செலவும் அதுவே. இவ்வளவு பணம் ஒரு தவணையில், சிற்றூர்களில் உள்ள கடைகள் வரை சென்று சேர்ந்தது.

“தேவையில்லாதவரும் அல்லவா இதில் பெற்றார்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். நேர்மையான கேள்வி. பெற்றிருப்பார்கள். ஆனால் உதவி வழங்குகையில் இருவகைப் பிழைகள் நேரலாம். வேண்டாதவனுக்குக் கொடுத்துவிடுதல் ஒன்று; வேண்டியவனை விட்டுவிடுதல் மற்றொன்று. முதற் பிழையால் பொருள் நட்டம். அதனைப் பின்னர் வரியாகத் திரும்பப் பெற வழியுண்டு. இரண்டாம் பிழையால் ஒரு வீட்டில் உலை எரியாது. அந்த நாளைப் பின்னர் எவரும் திருப்பித் தர இயலாது. ஒவ்வொரு வீட்டின் வருமானத்தையும் ஆராய்ந்து முடிப்பதற்குள் நோயும் போயிருக்கும், பசித்தவனும் போயிருப்பான். இடுக்கண் நேரத்தில் நுணுக்கத்தைவிட விரைவே பெரிது.

எனினும் எந்தப் பட்டியலும் முழுமையானதன்று. பட்டியலின் வலிமையே அதன் குறையுமாகும். பெயர் உள்ளவனை அது காக்கும். பெயர் இல்லாதவனைக் காணவே காணாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஊர்க் கட்டடங்களை எழுப்பிய தொழிலாளியின் குடும்ப அட்டை அவன் ஊரில் இருந்தது, அவனோ இங்கிருந்தான். வேலையும் இல்லை, கூலியும் இல்லை, அரிசியும் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஊர் திரும்பப் புறப்பட்ட மக்களை 2020-ஆம் ஆண்டுக் கோடையில் நாடே கண்டது. மே முதல் நாள்தான் அவர்களுக்கெனத் தனி இரயில்கள் ஓடத் தொடங்கின. எந்த ஊர் அட்டைக்கும் எந்த ஊரிலும் அரிசி என்ற முறையை எல்லா மாநிலங்களும் 2021-ஆம் ஆண்டு சூலை இறுதிக்குள் செயற்படுத்த வேண்டும் என்று உச்சநீதிமன்றம் அவ்வாண்டு சூன் 29-ஆம் நாள் ஆணையிட்டது. நடந்து தேய்ந்த கால்களுக்கு அது ஓராண்டு பிந்திய நீதி.

தமிழ்நாட்டிலும் இத்தகைய விடுபாடு இருந்தது. குடும்பத்தாரால் ஒதுக்கப்பட்ட திருநங்கையர் பலரிடம் குடும்ப அட்டை இல்லை. குடும்பமே இல்லாதவர்க்குக் குடும்ப அட்டை ஏது? அவர்களுக்கும் உதவித்தொகை வேண்டும் என்ற வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2021-ஆம் ஆண்டில் அட்டை இல்லாத திருநங்கையர்க்கும் தொகை வழங்க அரசு முன்வந்தது. மற்றொன்றும் நோக்கத்தக்கது. ரொக்கம் அட்டைக்கு இவ்வளவு என்றே கொடுக்கப்பட்டது. இருவர் உள்ள வீட்டுக்கும் இரண்டாயிரம். எண்மர் உள்ள வீட்டுக்கும் இரண்டாயிரம்.

அடுத்து, தொகையின் அளவைப் பார்ப்போம். கூலி என்று சொன்னோமே, அது கூலியாகப் போதுமா? ஊரக வேலைத் திட்டத்தில் 2021-22-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குக் குறிக்கப்பட்ட நாட்கூலி 273 ரூபாய். இரண்டாயிரத்தை அதனால் வகுத்தால் ஏழு நாள் கூலிக்குச் சற்று மேல் வரும். ஊரடங்கோ ஒரு திங்களுக்கு மேல் நீடித்தது. நால்வர் உள்ள குடும்பத்தில் முப்பது நாளைக்குப் பங்கிட்டால், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 17 ரூபாயும் தேறாது. உதவி விரைந்து வந்தது, பலரைச் சேர்ந்தது என்று மகிழும் நாம், அது சிறிது என்பதையும் மறைத்தல் கூடாது. அரிசி இலவசமாக வந்திராவிடில் அத்தொகை நெடுநாள் தாங்கியிராது.

மாணவர்களே, அரசுகள் வெளியிடும் பெருந்தொகைகளைப் படிக்கும்போது நீங்கள் ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். கொடுத்தல் வேறு, கடனாகக் கொடுத்தல் வேறு, வரவேண்டிய கடனைச் சற்றுப் பொறுத்தல் வேறு. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் மைய அரசு 20 இலட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. அதில் பெரும்பகுதி, வங்கிகள் தரும் கடனும், அக்கடனுக்கு அரசு தரும் உறுதியும், ரிசர்வ் வங்கியின் ஏற்பாடுகளுமே ஆகும். சிறுதொழில்களுக்கு அவை பயன்பட்டன என்பது உண்மை. ஆனால் வருவாய் இழந்தவனுக்குக் கடன் என்பது இன்றைய சுமையை நாளைக்குத் தள்ளுவதேயன்றி இறக்கி வைப்பதன்று. வங்கித் தவணைகளை 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை தள்ளிவைத்தபோதும் வட்டி வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

அப்படியானால் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது? வரி வருவாய் வீழ்ந்திருந்த காலமாதலின் அரசுகள் கடன் வாங்கின. அதனைத் தீர்க்கப் போகின்றவர்களில் நீங்களும் உள்ளீர்கள். ஆகவே, அது நன்கு செலவாயிற்றா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒன்றைமட்டும் கருதிப் பாருங்கள். அம்மையார் பெற்ற இரண்டாயிரம் பெட்டியில் உறங்கவில்லை. மளிகைக் கடைக்கும், பால்காரர்க்கும், மருந்துக் கடைக்கும் சென்றது. அக்கடைகள் நிலைத்தன. நிலைத்த கடைகளே பின்னர் வரி செலுத்தின. ஏழை கையில் விழும் காசு நிற்பதில்லை. ஓடும் நீர்போல் பல வயல்களை நனைத்துச் செல்கின்றது. ஊரடங்கு தளர்ந்தபின் பழைய சல்லடையும் மீண்டும் உதவிற்று. 2020-21-ஆம் ஆண்டில் ஊரக வேலைத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் ஏறத்தாழ 389 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அது 265 கோடியே. நகரத்தில் வாழ்விழந்து திரும்பியவர்களைக் குளமும் வாய்க்காலும் தாங்கின.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. துன்பம் வந்தபின் பட்டியல் எழுதத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். அமைதிக் காலத்தில் பொறுமையாக எழுதிய பட்டியலே ஆபத்துக் காலத்தில் தோணியாகும். அதில் யார் பெயர் விடுபட்டிருக்கின்றது என்று பார்ப்பது அதிகாரிகளின் வேலை மட்டுமன்று. உங்கள் தெருவில் அட்டை இல்லாத முதியவர் இருக்கலாம். வங்கிக் கணக்கு இல்லாத பெண் இருக்கலாம். வேற்று மாநிலத்திலிருந்து வந்த குடும்பம் இருக்கலாம். விண்ணப்பம் எழுதத் தெரிந்த உங்களில் ஒருவர் அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அடுத்த கொள்ளைநோயில் ஓர் உயிர் தப்பும்.

சில நாட்கள் கழித்து, அந்த அம்மையாரைக் கண்டேன். “அம்மா, நீங்கள் கேட்டீர்களே, அது தருமம் அன்று. ஊருக்காக நீங்கள் கடையை மூடி வீட்டில் இருந்தீர்கள். அதற்கு ஊர் உங்களுக்குப் பட்டிருக்கும் கடனில் ஒரு பகுதிதான் அது. வாங்கியதற்காக நீங்கள் நாணவேண்டியதில்லை” என்றேன்.

அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். பிறகு, “ஒரு பகுதி என்கிறீர்களே ஐயா, மீதியை யார் கொடுப்பார்கள்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மாணவர்களே, அவ்வினாவுக்கும் என்னிடம் விடை இல்லை. நாளை அரசு அலுவலகங்களிலும் சட்டமன்றங்களிலும் அமரப் போகின்றவர்கள் நீங்கள். அதனை உங்களிடமே விட்டு அமைகின்றேன்.